கிணற்றடிக் கதவு

மேல்மாடிக் கதிரையில் இருந்து இன்னும் எனக்காகக் காத்திருக்கும் என் அத்தானுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டை, அந்த நினைவு நூலை, நான்தான் எழுதினேன். கரவெட்டியில் பிறந்தது, ஆங்கில இலக்கியம் படித்தது, அதையே படிப்பித்தது, என் அக்காவை மணம் முடித்தது, ஒரே மகளைப் பெற்றது எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். எல்லாரும் போன பிறகு அந்தச் சிறு நூலை ஆறுதலாக எடுத்து வாசித்தேன். அட்டையில் உங்கள் படம் இருந்தது. உள்ளே நீங்கள் இருக்கவில்லை.

அந்தக் குறைதான் ஆட்டைத் திவசமும் முடிந்த பிறகு என்னை இதை எழுத வைக்கிறது. நாலு பேர் வாசிக்கத்தக்கதாக உங்களோடு கதைப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "மச்சான், நீ ஒரு வசனம் சொல்ல முன்னம் மூண்டு தரம் தொண்டையைச் செருமுவாய். அதுக்குள்ளை கேக்கிறவன் எழும்பிப் போயிடுவான்" என்று சிரிப்பீர்கள். இப்போதும் செருமிக்கொண்டுதான் இருக்கிறேன். எழும்பிப் போவதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. உங்கள் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன், ஓடத்தான் எனக்குப் பயம். மேல்மாடியில் உங்கள் பிரம்புக் கதிரையும் என் பிளாஸ்ரிக் கதிரையும் வைத்த இடத்தில் இருக்கின்றன. பின்னேரங்களில் ஏறிப்போய் வாசிக்கிறேன். நல்ல வசனம் ஒன்று வந்தால் உங்களுக்குச் சொல்லத் தலை நிமிர்கிறேன். ஒரு வருடம் ஆகியும் அந்த நிமிர்தல் நிற்கவில்லை.

மேல்மாடி என்று நாங்கள் இருவரும் பெருமையாகச் சொன்னாலும் அங்கே மாடி ஒன்றும் இல்லை என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். கீழ்வீடு என் அப்பா கட்டியது. அது அக்காவுக்குச் சீதனமாகப் போனது. மாப்பிள்ளையாக வந்த உங்களுக்கு, அதன்மேல் உங்கள் உழைப்பில் ஒரு மேல்வீடு எழுப்பவேண்டும் என்று ஆசை. படிக்கட்டை முதலில் கட்டினீர்கள். தூண்களை இடுப்பளவுக்கு எழுப்பினீர்கள். பிறகு நாட்டில் சண்டை மூண்டது, யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து வருவது நின்றது. படிக்கட்டு ஆகாயத்தில் போய் முடிந்தது. தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

மாரி மழை தொடங்க முன்னம், பழைய பெயின்ற் தூரிகை ஒன்றால் அந்தக் கம்பிகளுக்குச் சீமெந்துத் தண்ணீர் பூசுவீர்கள். கறள் பிடித்துக் கம்பி அரிக்கக் கூடாது அல்லவா? எங்கள் பக்கத்தில் அரைவாசி வீடுகளின் தலையில் இப்படிக் கம்பி நிற்கிறது. வீட்டுக்காரனுக்கு இன்னும் ஏதோ எண்ணம் இருக்கிறது என்று வீதியால் போகிறவனுக்கு அது சொல்லும்.

அந்தக் கம்பிகளுக்கு நடுவில் இருந்துதான் நாங்கள் விசா இல்லாமல் அமெரிக்கா போய்வந்தோம்.

நீங்கள் பெரிய வகுப்புகளுக்கு அமெரிக்க நாவல் படிப்பித்தீர்கள். நான் வேறொரு பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்கு ஆங்கில இலக்கணம் படிப்பித்தேன். கலியாணம் எனக்குப் பொருந்தி வரவில்லை. அக்காவின் வீட்டில் முன்னறை எனக்கு ஆயிற்று. பின்னேரங்களில் நீங்கள் எனக்குத் தனியாக ஒரு பாடம் நடத்துவீர்கள்.

"பொருளைப் பிடி மச்சான். அந்த நாட்டுக் கதையளிலை பணக்காரன் என்ன கதைக்கிறான் எண்டு பாராதை. என்ன வாங்கிறான் எண்டு பார். வாங்கினதை ஆர் நிண்டு பாக்கினம் எண்டும் பார்."

அப்படிப் பார்க்கத்தான் பழகினேன். புதிய கார், வெட்டிய புல்வெளி, வெள்ளிக் கரண்டி, விலைகூடிய சப்பாத்து. வெறும் கையோடு வந்தவன் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குகிறான். பிறப்பிலேயே பணக்காரரானவர்களிடம் உள்ளதெல்லாம் தன்னிடமும் சேர்ந்துவிட்டால் தானும் அவர்களில் ஒருவன் என்று நம்புகிறான். அவர்களோ அவன் கரண்டியைப் பிடிக்கும் விதத்தை ஒரு தரம் பார்த்தவுடனேயே அவனை அளந்துவிடுகிறார்கள். அவன் கவனமாகப் பிடிக்கிறான், அவர்கள் கவனமில்லாமல் பிடிக்கிறார்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு மனிதனின் கனவு முழுவதும் விழுந்துபோகிறது. விழுந்தவனைப் பற்றித்தான் அந்த நாட்டில் நாவல் எழுதுகிறார்கள்.

எங்கள் ஊரில் செல்வம் மதிலுக்குள்ளே போய்விடும். கேற்றின் உயரத்தைப் பார்த்துத்தான் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கவேண்டும். விழுந்தவனைக் கண்டால் "பாவம் மனிசன்" என்று சொல்லி ஒரு தேத்தண்ணி கொடுப்போம், நாவல் எழுத மாட்டோம். இரண்டில் எது இரக்கம் அத்தான்? இதை உங்களிடம் கேட்கப் பல நாள் நினைத்தேன். செருமிக்கொண்டிருக்க நேரம் போய்விட்டது.

இன்னொன்றும் கேட்க இருந்தேன். அந்தக் கதைகளில் ஆண் ஒரு பெண்ணை அடைய வீடு கட்டுகிறான். எங்கள் ஊரில் பெண் வீட்டைக் கொண்டுவந்து அதில் ஆணை இருத்துகிறாள். நீங்களும் நானும் ஒரு பெண்ணுடைய வீட்டின் தலையில் குந்திக்கொண்டு, வீடு கட்டி விழுந்த ஆண்களின் கதையை வாசித்தோம். அவர்களை எங்களுக்கு உண்மையில் விளங்கியதா?

தலையில்லாத புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட பழைய புத்தகக் குவியலில் நீங்கள் எடுத்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார், பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. ஆனாலும் எங்கள் இருவருக்கும் அதற்கு மேலான நாவல் இல்லை.

ஆலைப் பட்டினம் ஒன்றில், மேட்டில் நிற்கும் வெள்ளை வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கப் போகிற ஒருத்தி. அவளுடைய மகன் கூரைத் தகரம் விற்றுப் பெரிய பணக்காரனாகிறான். தாய் வேலை செய்த அதே வெள்ளை வீட்டை விலைக்கு வாங்குகிறான். முன்பக்கத்துக்குச் செதுக்கு வேலை செய்த பெரிய கதவும் பித்தளைப் பிடியும் போடுகிறான். பட்டினமே வந்து அந்தக் கதவைப் பார்க்கிறது. அவன் மட்டும் ஒருநாளும் அதால் நுழைவதில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, தாய் உடுப்பு மூட்டையோடு போன பின்கதவால்தான் போகிறான். கடைசியில் வியாபாரம் நொடித்து வீடு ஏலத்துக்கு வருகிறது. அவன் வெளியேறுவதைப் பார்க்க முன் வாசலில் சனம் கூடி நிற்க, அவன் பின்கதவால் போய்விடுகிறான். அதோடு கதை முடிகிறது.

"காசு வீட்டை வாங்கும் மச்சான், காலை வாங்காது. கால் பழகின வாசலுக்குத்தான் போகும்" என்று நீங்கள் சொன்னீர்கள். பின்கதவு என்றால் வர்க்கம். முன்கதவு என்றால் கனவு. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தீர்கள், பிள்ளைகளும் அப்படியே பரீட்சையில் எழுதினார்கள்.

நான் அந்த விளக்கத்தை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள்மேல்தான் வைத்தேன்.

உங்கள் அம்மா எங்கள் வீட்டுக்கு மா இடிக்க வந்து போனவர். தூரத்துச் சொந்தம்தான், ஆனாலும் கிணற்றடியால் வந்து கிணற்றடியால் போவார். நீங்கள் படித்து உத்தியோகம் எடுத்த பிறகு அப்பாவே உங்களை அக்காவுக்குக் கேட்டுப் போனார். கலியாணத்தன்று முன் வாசலால் வந்தீர்கள். அதற்குப் பிறகு வெளியே போய் வரும்போதெல்லாம் சைக்கிளைக் கிணற்றடியில் சாத்திவிட்டு, அங்கே திறக்கிற குசினிக் கதவால், சமையலறைக்குள்ளால்தான் உள்ளே வந்தீர்கள். முன் விறாந்தையில் நான் இருப்பேன். பின்பக்கத்தில் வாளிச் சத்தம் கேட்கும். அத்தான் வந்துவிட்டார் என்று நினைப்பேன். கூடவே, பாவம், இந்த வீட்டு முன்கதவு அவருக்கு இன்னும் சொந்தமாகவில்லை என்றும் நினைப்பேன். அக்கா காலமான பிறகு அந்த வழக்கத்தை விட்டுச் சைக்கிளை முன்பக்கத்தில் நிறுத்தத் தொடங்கினீர்கள். வயது போகக் கூச்சமும் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

திவசத்துக்குச் சுகந்தி நியூ ஜேர்சியிலிருந்து வந்தாள். உங்கள் மகளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, அத்தான். மருமகன் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குப் போய் முழுகி, பிண்டம் கரைத்து, ஐயர் சொன்னதை எல்லாம் நான் திருப்பிச் சொன்னேன். கேணிப் படியில் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வழுக்கி விழாமல் பிடித்தாளா, தான் விழாமல் பிடித்தாளா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள். சிவராசா என்று பெயர், உங்களிடம் படித்ததாகவும் உங்களிடம் குட்டு வாங்கியதாகவும் சொன்னார். அவர் ஒரு கம்பியில் ஒட்டியிருந்த சீமெந்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோ மாஸ்ரர், உள்ளுக்கை கறளே இல்லை. பெரிய மாஸ்ரர் வலு கவனமாப் பாத்திருக்கிறார்."

"அப்ப உதிலை கட்டலாமோ அண்ணை?" என்று சுகந்தி கேட்டாள்.

"கட்டலாமோவோ? தங்கச்சி, அரண்மனை கட்டலாம்! முன்பக்கம் கண்ணாடி போட்ட பல்கனி, உள்ளுக்கை நிலம் முழுக்க ரைல்ஸ். அந்தா, லண்டன்காரர் கட்டிப்போட்டுப் பூட்டி வைச்சிருக்கினமே, அந்த வீடு எங்கடைக்கு முன்னாலை மாட்டுக் கொட்டில் மாதிரித் தெரியும்."

"அப்பான்ரை பேரையும் முன்னுக்குப் போடோணும்."

"போடுவம். ஆனா வேலை முடியும் மட்டும் கீழை ஆரும் இருக்கேலாது. மாஸ்ரரை எங்கையேன் அனுப்பிப்போட்டுத்தான் தொடங்கோணும்."

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்று இருப்பதாகவும், தனியறை தருவார்கள் என்றும், நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும் என்றும் சொன்னாள். ஆறேழு மாதம்தானாம். "என்ன மாமா, உங்களுக்குச் சம்மதமோ?"

நான் செருமினேன். "உன்ரை வீடு பிள்ளை. உன்ரை விருப்பம்."

அது உண்மைதான். அக்காவின் சீதன வீடு அக்காவின் மகளுக்கு. எனக்கு அதில் ஒரு ஓடுகூடச் சொந்தமில்லை. ஆனால் அத்தான், என் வயதில் ஆறேழு மாதத்துக்கு என்று பெட்டி கட்டிக்கொண்டு போனவன் திரும்பி வந்து அதே கட்டிலில் படுப்பானா? புதிதாக ரைல்ஸ் போட்ட வீட்டில் என் பிளாஸ்ரிக் கதிரையை எங்கே வைப்பார்கள்? உங்கள் கதிரையை?

அன்று முழுவதும் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுகந்தியிடம் என்ன சொல்வது என்று பாடக் குறிப்பு மாதிரி மனதில் ஒழுங்கு படுத்தினேன். முதலாவது, அமெரிக்க நாவல்களில் வீடு எதைக் குறிக்கிறது. இரண்டாவது, வீடு கட்டி முடிந்ததும் கதாநாயகனுக்கு என்ன நடக்கிறது. மூன்றாவதாக, ஆகவே கட்டாமல் விடுவது நல்லது. "எனக்குப் போக விருப்பமில்லை" என்ற வசனத்துக்கு அந்த ஒழுங்கில் இடம் கிடைக்கவில்லை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உங்கள் வெறுங் கதிரைக்குச் சொல்லிப் பார்த்தேன். உங்களைப்போலக் கையை ஆட்டிக்கூடப் பார்த்தேன்.

பின்னேரம் சுகந்தி மேலே வந்து என் கதிரையில் இருந்தாள். உங்கள் கதிரையில் இருக்க இருவருக்கும் மனம் வரவில்லை. நான் படியில் இருந்தேன்.

"சுகந்தி, அமெரிக்க நாவல்களிலை பாத்தியெண்டால்..."

"ஐயோ மாமா! நான் அங்கையிருந்து வாறன். நீங்கள் எனக்கு அமெரிக்கா சொல்லப் போறியளே?"

"இல்லைப் பிள்ளை, இது ஒரு கதவைப் பற்றினது."

சொன்னேன். தலையில்லாத புத்தகத்தை முழுதாகச் சொன்னேன். தோய்க்கிறவளின் மகன், வெள்ளை வீடு, பித்தளைப் பிடி, பின்கதவு. செருமல் குறைவாகத்தான் வந்தது. காசு வீட்டை வாங்கும், காலை வாங்காது என்ற உங்கள் வசனத்தோடு முடித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, அங்கை ஒருத்தரும் முன்கதவாலை போறேல்லை. காரைக் கராஜுக்கை விட்டுப்போட்டு அதுக்குள்ளாலைதான் வீட்டுக்கை போறது. என்ரை முன்கதவு திறந்து எவ்வளவு காலம் தெரியுமே? பார்சல் குடுக்கிறவன்தான் அதுக்குக் கிட்ட வாறவன்."

"அது வேறை பிள்ளை. இந்தக் கதையிலை அது வர்க்கத்தைக் குறிக்குது. உன்ரை அப்பாவும்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியது பிந்திவிட்டது.

"அப்பாவும்?"

"அப்பாவும் கிணத்தடியாலைதானே வாறவர்."

சுகந்தி என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"ஓம், வாறவர்தான். அதிலை என்ன மாமா? அம்மா குசினியிலை எல்லோ நிண்டவா."

எனக்கு விளங்கவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து காலைக் கழுவிப்போட்டு நேரே அம்மாவிட்டைப் போவார். பனையோலைக் கொட்டுப் பெட்டியிலை இருந்து அம்மா தின்ன ஏதாவது எடுத்துக் குடுப்பா. அண்டைக்கு வகுப்பிலை நடந்ததெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிச் சிரிப்பார். நான் மேசைக்குக் கீழை இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். முன்னாலை வந்தால் விறாந்தையிலை உங்களிட்டை மாட்டுப்படோணும். நாவல், நாவல் எண்டு அங்கையே இருட்டிப் போயிடுமெண்டு சொல்லுவார்." அவள் மறுபடி சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மா செத்தாப் பிறகு அவர் அந்தக் கதவாலை வந்ததே மாமா?"

வரவில்லை. நீங்கள் வரவில்லை, அத்தான். நான் ஒரே வீட்டில் இருந்து நீங்கள் அதால் வந்ததையும் பிறகு விட்டதையும் பார்த்தேன். இரண்டுக்கும் பிழையான பொருள் எழுதிவைத்தேன். பொருளைப் பிடி என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் என் அக்கா நின்றாள்.

அன்றிலிருந்து அந்த நாவலையும் வேறு மாதிரி நினைக்கிறேன். அந்த வீட்டின் பின்பக்கத்தில்தானே அவனுடைய தாய் நின்று தோய்த்தாள்? சின்ன வயதில் அவளைத் தேடி அவன் அந்தக் கதவால்தானே ஓடிப்போயிருப்பான்? பித்தளைப் பிடி போட்ட கதவுக்குப் பின்னால் அவனுக்காக யார் இருந்தார்கள்? வர்க்கம் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உங்கள் அம்மா முன் வாசலால் வராததை நான் கண்ணால் கண்டவன். ஆனால் அந்தக் கால்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எங்கள் இருவருக்கும் தெரியாமல் போய்விட்டதோ என்று நினைக்கிறேன். உங்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்? நீங்களே அப்படிப் போனவர். வகுப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இன்னொன்றைச் செய்தீர்களா? இதற்கு நீங்கள்தான் மறுமொழி சொல்லவேண்டும், சொல்லவும் மாட்டீர்கள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சுகந்தி தூண் கம்பி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒண்டு சொல்லுங்கோ மாமா. நான் எத்தினை தரம் கேட்டனான், மேல்வீட்டைக் கட்டுங்கோ, நான் காசு அனுப்புறன் எண்டு. அப்பா ஏன் வேண்டாமெண்டவர்? என்ரை காசு அவருக்குக் கூடாதோ?"

அவள் குரலைக் கேட்டபோதுதான் அது எவ்வளவு காலத்துக் காயம் என்று தெரிந்தது. அதற்கு மறுமொழி என்னிடம் இருந்தது. இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அதுதான்.

"அவருக்குப் பயம் பிள்ளை."

"என்ன பயம்?"

"பலன் சொல்ல வாற சாத்திரிமாரைப் பேசித் துரத்துவார், உனக்குத் தெரியும். ஆனால் அந்த நாவல்களை நம்பினவர். வீடு கட்டி முடிஞ்ச அடுத்த அதிகாரத்திலை வீட்டுக்காரன் முடிஞ்சிடுவான் எண்டு சொல்லுவார். உன்ரை போன் வந்த அண்டைக்கு இஞ்சை வந்து இருந்து, 'மச்சான், என்ரை பெட்டை என்னைக் கொல்லப் பாக்கிறாள்' எண்டு சொல்லிச் சிரிச்சவர். பிறகு ஊரெல்லாம் போய், என்ரை மகள் அமெரிக்காவிலையிருந்து வீடு கட்டக் கேக்கிறாள், நான்தான் விடேல்லை எண்டு சொல்லித் திரிஞ்சவர்."

சுகந்தி சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் படியில் இருந்தபடி என் வேட்டிக் கரையை மடித்து மடித்து விரித்தேன்.

"அங்கை பெரிய வீடு மாமா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "படத்திலை பாத்திருப்பியள். முன்னுக்குப் புல்லு, பின்னுக்கும் புல்லு. என்ரை மனிசன் என்னை விட்டிட்டுப் போட்டார். அப்பாவுக்கு நான் சொல்லேல்லை. இப்ப எல்லா அறையையும் பூட்டிப்போட்டு ஒரு அறையிலை படுக்கிறன். இஞ்சை எனக்கெண்டு ஒரு இடம் இருந்தால், லீவுக்கு வந்து நிக்கலாம் எண்டுதான் நினைச்சனான். பல்கனியெல்லாம் அந்த மேசன் அண்ணை போட்டது."

கேட்டீர்களா அத்தான்? கனவு கலைந்துபோன ஒருத்தி எங்கள் மாடியில் இருந்தாள். நான் அவளுக்கு அமெரிக்க நாவல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்தது இனி நான் மட்டும்தான். ஒரு தரம் செருமினேன்.

"எனக்கு இஞ்சையே இருக்கோணும் போலை கிடக்கு பிள்ளை. அங்கை போக எனக்குப் பயமாயிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "இதைச் சொல்லவோ மாமா அமெரிக்காவைச் சுத்தி வந்தனீங்கள்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. நீங்கள் போன பிறகு இந்த மாடியில் நான் சிரித்தது அன்றுதான்.

அடுத்த நாள் மேசனைக் கூப்பிட்டுச் சொன்னாள். குசினிக்கு மேலே, கிணற்றுப் பக்கம் பார்த்தபடி ஒரேயொரு அறை. பல்கனி இல்லை, பெயரும் இல்லை. மாமா கீழேதான் இருப்பார். சிவராசாவின் முகம் வாடிப்போனது.

"அரண்மனை எண்டு சொல்லிப்போட்டு இப்ப கோழிக்கூடோ தங்கச்சி?"

"கோழி ஒண்டுதானே அண்ணை, அதுக்கு இது காணும்."

"அப்ப மற்றத் தூண் ரெண்டும்? அந்தக் கம்பியளை வெட்டிவிடட்டோ?"

"வேண்டாம்" என்றேன். செருமாமல் வந்த சொல் அது. மேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார், சுகந்தியும் பார்த்தாள். நானே அக்கம் பக்கம் பார்த்தேன், சொன்னது யார் என்று.

அவள் போய்விட்டாள். அவளை ஏற்றிய வான் வண்டி கேற்றைத் தாண்டும் வரைக்கும் கையை ஆட்டினாள். நான் முன்கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அவள் இருந்த நாட்களில் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஏதாவது ஒரு சத்தம் இருந்தது. இப்போது சுவர்க் கடிகாரமும் நானும். ஒரு பின்னேரம் சும்மா வெளியே போய்விட்டு, வரும்போது கிணற்றடியால் சுற்றி வந்து பார்த்தேன். காலைக் கழுவினேன். குசினிக் கதவைத் தள்ளினேன். உள்ளே அடுப்பு குளிர்ந்துபோய் இருந்தது. நீங்கள் ஏன் அந்தக் கதவை விட்டீர்கள் என்று எனக்குச் சொல்ல இனி விமர்சகர் தேவையில்லை.

நேற்று அவள் போன் எடுத்தாள். "எப்பிடி மாமா இருக்கிறியள்?" என்று கேட்டாள். "ஒரு குறையுமில்லைப் பிள்ளை" என்பதுதான் என் வழக்கமான மறுமொழி. அது வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வீடு வெறிச்சுப்போய்க் கிடக்கு பிள்ளை. நீ எப்ப வாறாய்?"



"இஞ்சையும் அப்பிடித்தான் மாமா" என்றாள். "அறை முடிஞ்ச உடனை வாறன்."

அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வருகிற அன்று நான் முன் விறாந்தையில் புத்தகத்தோடு இருக்க மாட்டேன். குசினியில் லைற் எரியும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். சமைக்க எனக்குத் தெரியாது, தேத்தண்ணி போடத் தெரியும். அவள் எந்தக் கதவால் வந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும். மற்ற இரண்டு தூண்களின் கம்பிகளுக்கும் மாரிக்கு முன்னம் சீமெந்துத் தண்ணீர் பூசுவேன். உங்கள் வீட்டை முடிய விடமாட்டேன், பயப்படாதேயுங்கோ.

கிணற்றடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு,
உங்கள் மனைவியின் தம்பி,
உங்களை விறாந்தையில் மறித்து வைத்த
மச்சான்